நிறத்திருடனுக்கு முகம் கொடுத்தவர்

சொரிமுத்து நான்கு விரல் இடுக்குகளிலும் ஒவ்வொரு தாளைச் செருகிக்கொண்டு முன்னும் பின்னுமாகப் புரட்டுகிறார். தாளில் இருக்கும் ஆள் கையைத் தூக்குகிறான், இறக்குகிறான், மறுபடி தூக்குகிறான். பிடிக்கவில்லை. மூன்றாவது தாளை உருவி அழிக்கிறார். அழித்த இடத்தை ஊதிவிட்டு அதே கையை அரை நூல் மேலே தள்ளி வரைகிறார். மறுபடி புரட்டல். செம்பூரில் ஒரு மாவு மில்லுக்கு மேல்மாடியில் காலை ஒன்பது மணியிலிருந்து மாலை ஆறு வரை இதுதான் வேலை. வேலை விட்ட பிறகும் விரல்கள் ஓய்வதில்லை. பஸ் டிக்கெட், ரேஷன் கார்டு, டீக்கடைப் பேப்பர், எது கையில் சிக்கினாலும் இடுக்கில் செருகிப் புரட்டிப் பார்க்கிறார். அவர் மனைவி இசக்கி தாராவிக் குழாயடியில் எல்லோருக்கும் கேட்கச் சொல்வாள்: "அப்பளம் பொரிச்சு வெச்சாக்கூட ரெண்டைச் சேத்துப் பிடிச்சுப் புரட்டிப் பாக்காரு. அது என்ன, எந்திரிச்சு ஆடவா செய்யும்?"

அந்த மாடியில் கார்ட்டூன் படம் எடுக்கிறார்கள். முதலாளி மன்சுகானி சேட் ஒரு அசைவின் முதல் படத்தையும் கடைசிப் படத்தையும் தாமே வரைந்துவிடுவார். கை கீழே இருப்பது ஒன்று, மேலே இருப்பது ஒன்று. நடுவில் வரவேண்டிய பன்னிரண்டோ இருபதோ சொரிமுத்துவுக்கு. தொடக்கமும் முடிவும் அவருடையவை அல்ல. அதைப்பற்றி அவருக்குக் குறையும் இல்லை. அவரைப் பெரிய ஓவியர் என்று சொல்ல முடியாது. கோட்டில் நடுக்கம் கிடையாது, சொன்ன நாளில் வேலை முடியும், அவ்வளவுதான். அம்பாசமுத்திரம் பக்கத்திலிருந்து பம்பாய்க்கு வந்து பதினாறு வருஷம் ஆகிறது. முதல் பத்து வருஷம் அண்ணன் வெயிலுமுத்துவோடு சினிமாத் தட்டி எழுதினார். அண்ணன் முகம் வரைவார். தம்பி எழுத்துக்கும் பின்னணிக்கும் வர்ணம் அடிப்பார். பிறகு தம்பி மட்டும் சேட்டிடம் வந்து சேர்ந்தார்.

சேட்டின் ஆசை, பிள்ளைகளுக்கு ஒரு வீரனை உண்டாக்குவது. பிஜ்லிசந்த் என்று பெயர் வைத்தார். பத்து வயதுப் பையன்; கையை உயர்த்தினால் மின்னல் இறங்கும், காலை உதைத்தால் மலபார் ஹில்லைத் தாண்டிப் பறப்பான். செலவு ஒரு பல்பொடிக் கம்பெனியுடையது என்பதால் ஒவ்வொரு படத்திலும் இருமுறை பல்லைக் காட்டிச் சிரிப்பான். எட்டு நிமிஷப் படங்களாக ஆறு எடுப்பது என்று தீர்மானம். கலர் பிலிம் வாங்க வழியில்லை. கலரே இல்லாத படத்தைப் பிள்ளைகள் பார்க்குமா என்று காமிராக்காரர் ஞானராஜ் கேட்டபோதுதான் சேட்டுக்கு வில்லன் பிறந்தான்.

"கலர் நம்மகிட்ட இல்லேன்னு யார் சொன்னது? திருடன் கொண்டு போயிட்டான்!"

அவன் பெயர் ரங்சோர், நிறத்திருடன். யாரும் விலைக்கு வாங்காத படங்களை வரைந்து வரைந்து மனம் கசந்துபோன ஒரு ஓவியன். அவனிடம் ஒரு தூரிகை உண்டு. அதனால் தொட்டால் கிளி வெளுத்துவிடும், புடவை வெளுத்துவிடும், பழக்கடை முழுக்கச் சாம்பலாகிவிடும். அத்தனை நிறங்களையும் ஒரு ஜோல்னாப் பையில் போட்டுக்கொண்டு ஓடுவான். கிடைத்த நிறத்தை வைத்து அவன் என்ன செய்கிறான் என்று சொரிமுத்து ஒருமுறை கேட்டார். "சோர் ஹை, சோரி கர்தா ஹை. பஸ்" என்றார் சேட். திருடன், திருடுகிறான், அவ்வளவுதான். ஒல்லியான ஆள், நீள மூஞ்சி வேண்டும் என்பதோடு அவர் யோசனை முடிந்தது. மீதியை நீயே போட்டுக்கொண்டு வா என்று தாளைத் தள்ளிவிட்டார்.

கார்ட்டூன் வரைகிறவர்கள் மேஜை மேல் முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்று வைத்திருப்பார்கள். கோபம் வரைய வேண்டுமென்றால் தாமே கோபப்பட்டுப் பார்த்து, புருவம் எங்கே போகிறது, வாய் எங்கே போகிறது என்று கவனித்து வரைய வேண்டும். ரங்சோரின் முகத்துக்காகச் சொரிமுத்து மூன்று நாள் கண்ணாடிக்கு எதிரில் இளித்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் ஒரு பென்சிலைப் பல்லில் கடித்துக்கொண்டு ரப்பரைத் தேடியபோது கண்ணாடியில் அண்ணன் தெரிந்தார்.

வெயிலுமுத்துவுக்குத் தூரிகையைப் பல்லில் கடிக்கிற பழக்கம். சாரத்தில் தொற்றிக்கொண்டு இரண்டு கையாலும் வேலை செய்கிறவருக்கு அது தேவையாக இருந்தது. வருஷக்கணக்கில் கடித்ததில் இடது வாயோரம் சற்றே மேலேறி அப்படியே நின்றுவிட்டது. தூரிகை இல்லாதபோதும் பாதிச் சிரிப்பில் இருப்பவர்போல் இருப்பார். மூன்று வருஷத்துக்கு முன், ஆடி மாத மழையில், தியேட்டர் முகப்பில் நனைந்துகொண்டிருந்த தட்டிக்குத் தார்ப்பாய் கட்ட ஏறினார். சாரக்கட்டை வழுக்கியது. அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்து பெட்டியைக் கவிழ்த்துத் தேடினார்கள். ஊரார் முகங்களையெல்லாம் பத்தடி உயரத்துக்கு வரைந்த மனிதனின் போட்டோ ஒன்றுகூட இல்லை.

சொரிமுத்து அந்த வாயை ரங்சோருக்குப் போட்டார். அது தெரிந்தே செய்ததா என்று கேட்டால் பென்சிலைச் சீவத் தொடங்கிவிடுவார். சேட் படத்தைப் பார்த்துத் தொடையில் தட்டினார். "இந்தச் சிரிப்பு இருக்கே, அசல் திருட்டுச் சிரிப்பு! இன்னும் தூக்கு. இன்னும்!" சொரிமுத்து தூக்கினார். புருவத்தை நெரித்தார். கன்னத்தை ஒட்டவைத்தார். பிறகு இரண்டு வருஷம், இருபதாயிரம் படத்துக்குக் குறையாது. முதலிலும் கடைசியிலும் சேட் வரைந்த திருடன் நின்றுகொண்டிருப்பான். நடுவில் தலையைத் திருப்பும்போதும், மூச்சு வாங்கும்போதும், படியிறங்கும்போதும் வெயிலுமுத்து நடமாடினார். செத்தவரை நடக்க வைக்கிற வேலைக்குக் கூலியும் கிடைத்தது. அந்த இரண்டு வருஷமும் சொரிமுத்து ஒரு நாள்கூட லீவு எடுக்கவில்லை என்பதை ஞானராஜ்தான் சொன்னார்.

இந்த வருஷம் மே மாதக் கடைசி ஞாயிறு, பல்பொடிக் கம்பெனியின் வேன் தாராவிக்கு வந்தது. மைதானத்தில் வெள்ளைத் துணி கட்டி, இருட்டத் தொடங்கியதும் இரண்டு படம் போட்டார்கள். ரங்சோர் தலைகாட்டியதும் பிள்ளைகள் ஊளையிட்டன. ஒருவன் எறிந்த செருப்பு அந்த நீள முகத்தின் நடுவில் பட்டு விழுந்தது. பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்த பேராச்சி, வெயிலுமுத்துவின் மனைவி, இரண்டாவது படம் தொடங்குமுன் எழுந்து போய்விட்டாள்.

அவள் தோல் கிடங்கில் பச்சைத் தோல்களின் உப்பைத் தட்டி உதிர்க்கிறவள். விடிந்ததும் வேலைக்குப் போகிற வழியில் வந்து வாசலில் நின்றாள். காலில் வெடிப்புக்குத் துணி சுற்றியிருந்தது.

"கொழுந்தனாரே, அது அவுகதான?"

சொரிமுத்து பல் விளக்கிக்கொண்டிருந்தார். துப்பக்கூட இல்லை.

"யாரு மதினி?"

"எங்கிட்டயே யாருங்கியளா? பதினோரு வருஷம் சோறு போட்டவ நான். படியில எறங்கயில வலது காலை வெளியால வெச்சு எறங்குறது யாரு? ஊருக்கெல்லாம் வேற ஆளு கிடைக்காம அவுகளைத்தாம் திருடனாக்குனியளா?"

"திருடன்னு நெனச்சு வரையல மதினி."

"செருப்பு எறிஞ்சது யாரு தெரியுமா? மேல வளவு புள்ள. அவம் பொறந்தப்போ அவுகதாம் ஆசுபத்திரிக்குத் தூக்கிட்டு ஓடுனாக."

இசக்கி உள்ளேயிருந்து ஒரு தம்ளரில் டீயைக் கொண்டுவந்து நீட்டினாள். "அக்கா, உக்காந்து திட்டுங்க. நானும் ரெண்டு சேத்துச் சொல்லுதேன்."

பேராச்சி உட்காரவில்லை. டீயை மட்டும் வாங்கினாள். பாதி குடித்துவிட்டு, வேறு குரலில் சொன்னாள்.

"வார ஆடி அமாவாசைக்கு மூணு வருசம். இதுவரைக்கும் வெறுஞ்சுவத்துக்குத்தாம் சூடம் காட்டுதேன். அதுல ஒண்ணு கொண்டாங்க. திருடனா இருந்தா இருந்துட்டுப் போவட்டும். மூஞ்சி இருக்குல்லா."

சொரிமுத்து தலையாட்டினார். இருபதாயிரத்தில் ஒன்று. அது ஒரு பெரிய காரியமாக அவருக்குத் தோன்றவில்லை.

ஜூன் மாதம் ரூபாயின் மதிப்பைக் குறைத்தார்கள். வெளிநாட்டிலிருந்து வரவேண்டிய பிலிமும், படங்களை மை போட்டு ஏற்றுகிற கண்ணாடித் தாளும் விலை ஏறின. பல்பொடிக் கம்பெனி நான்கு படத்தோடு போதும் என்றது. சேட் ஒரு சோப்பு விளம்பரத்தைப் பிடித்துக்கொண்டு வந்து, பழைய கண்ணாடித் தாள்களையெல்லாம் கழுவச் சொன்னார். இது அங்கே புதிதல்ல. படம் பிடித்து முடிந்ததும் தாளை வெந்நீரில் ஊறவைத்து, வர்ணத்தைப் பஞ்சால் துடைத்து, துணி உலர்த்துகிற கொடியில் மாட்டி, அடுத்த படத்துக்கு எடுத்துக்கொள்வார்கள். ஐந்தாறு முறை வரை தாங்கும். கீறல் விழாமல் கழுவுகிற கை சொரிமுத்துவுடையது என்பதால் அந்த வேலையும் அவர் தலையில்தான்.

ஒரு தாள் வேண்டுமென்று அவர் கேட்டதற்குச் சேட் தயங்கவில்லை. "ஒன்னு என்ன, நாலு எடுத்துக்கோ." சொரிமுத்து அலமாரியைத் திறந்து ஒவ்வொரு தாளாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அப்போதுதான், இரண்டு வருஷம் தாமே செய்த வேலையின் கணக்கு அவருக்கு உறைத்தது. முழு ஆளாக ஒரு தாளிலும் ரங்சோர் இல்லை. மறுபடி மறுபடி வரைகிற உழைப்பை மிச்சம் பிடிக்க அசையாததை ஒரு தாளிலும் அசைவதை வேறு தாளிலும் பிரித்துப் போடுவது வழக்கம். ஒன்றில் கண் காது மூக்கு இல்லாத தலை. ஒன்றில் இரண்டு கண் மட்டும். ஒன்றில் வாய். கை தனி, பை தனி. காமிராவுக்கு அடியில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால்தான் மனிதன்.

தாள் யாருக்கென்று கேட்டுத் தெரிந்துகொண்ட ஞானராஜ் கேலி செய்துகொண்டே உதவினார். "உங்க அண்ணாச்சிய நாலு துண்டாக்கி வெச்சிருக்கீரேய்யா. கர்த்தர் கேட்டா என்ன சொல்லுவீரு?" ஆனாலும் தேடித் தலை, கண், வாய் மூன்றையும் பொருத்தம் பார்த்து எடுத்துக் கொடுத்தார். மற்றவை தொட்டியில் விழுந்தன. அன்று மாலைக்குள் தண்ணீர் சாக்கடை நிறத்துக்கு வந்துவிட்டது.

மூன்று தாள்களையும் அடுக்கி ஒரு சட்டத்துக்குள் வைத்தால் அது ரங்சோர். அண்ணன் அல்ல. நெரித்த புருவம், ஒட்டிய கன்னம், பாதி முகத்தை ஏறிப் பிடித்த வாய். இதை மதினியிடம் கொடுக்க முடியாது என்று சொரிமுத்துவுக்குத் தெரிந்தது. அதனாலென்ன, கூட்டியதைக் குறைத்தால் போயிற்று என்று நினைத்தார். வீட்டில் நல்ல தாள் வாங்கிவந்து உட்கார்ந்தார். புருவத்தை நேராக்கினார். கன்னத்தில் சதை போட்டார். வாயை இறக்கினார். தாளில் யாரோ ஒரு தபால்காரர் வந்தார். வாயைக் கொஞ்சம் ஏற்றினார். திருடன் வந்தான். இரண்டுக்கும் நடுவில் எங்கோ அண்ணன் இருந்தாக வேண்டும். நடுவில் இருப்பதை வரைகிறதுதானே அவர் தொழில்? பதினொரு நாள், பதினொரு படம். கண்ணை மூடி அண்ணனை நினைத்துப் பார்த்தார். சாரத்தில் நிற்கிற அண்ணன், பல்லில் தூரிகை, தோளில் ஜோல்னாப் பை. வெயிலுமுத்து தம் வாழ்நாளில் ஜோல்னாப் பை வைத்துக்கொண்டதே இல்லை.

பதினொன்றையும் பேராச்சியிடம் கொண்டுபோனார். அவள் ஒவ்வொன்றாக வாங்கிப் பார்த்தாள். பிறகு எல்லாவற்றையும் ஓரம் சேர்த்துத் தட்டி அவர் கையில் திருப்பிக் கொடுத்தாள்.

"இதெல்லாம் யாரு?"

"மதினி..."

"ஒங்களைக் குத்தம் சொல்லல. போன மாசம் வரைக்கும் எங்கிட்ட படம் இல்ல, மூஞ்சி இருந்துச்சு. கண்ணை மூடுனா முன்னால வந்து நிப்பாக. அந்த ராத்திரி மைதானத்துலேருந்து வந்து படுத்தேம் பாருங்க, அன்னைலேருந்து கண்ணை மூடுனா அந்தத் திருடந்தாம் வாறான். எம்புட்டுத் தள்ளுனாலும் போவமாட்டேங்கான்."

தமக்கும் அப்படித்தான் என்று சொரிமுத்து சொல்லவில்லை. சொன்னால் அந்த முகத்தை நினைவில் வைத்திருக்கிற ஆள் உலகத்தில் இனி ஒருவரும் இல்லை என்று ஆகிவிடும்.

வழி கண்டுபிடித்தது இசக்கி. போட்டோ எடுக்காமல் செத்துப்போனவர்களுக்கு, ரத்த உறவில் முகஜாடை உள்ள ஒருவரை, செத்தவரின் சட்டையைப் போட்டு உட்காரவைத்துப் படம் எடுத்து மாட்டுவார்கள். அவள் சித்தப்பாவுக்கு அப்படித்தான் செய்தார்கள். ஆனால் மாலை விழப்போகிற படத்துக்கு உயிரோடு உட்காரக் கூடாது, ஆயுசு குறையும் என்று ஒரு பயமும் உண்டு. அதையும் அவளே சொன்னாள். சொல்லிவிட்டு ரசத்தைக் கலக்கினாள்.

"இந்த மனுசன் ஆயுசைப் பத்தி எனக்குக் கவலை கெடையாது. என்னை அனுப்பி வெச்சிட்டுத்தாம் போவாரு. போங்க, போய் உக்காருங்க. ஆனா அந்தப் படத்தை நான் ஒருநாளும் பாக்கமாட்டேன், ஆமா."

அமாவாசைக்கு ஐந்து நாள் முன்பு, வியாழக்கிழமை, சொரிமுத்து அரை நாள் லீவு எழுதிக் கொடுத்தார். மாட்டுங்காவில், கோயிலுக்குப் போகிற தெருவில், கல்யாண கோஷ்டிகளைப் படம் எடுக்கிற ஒரு ஸ்டூடியோ. பேராச்சி பெட்டிக்குள்ளிருந்து எடுத்த வெள்ளைச் சட்டையைப் பேப்பரில் சுற்றிக் கொண்டுவந்திருந்தாள். காலரில் பச்சை வர்ணம் ஒரு துளி காய்ந்திருந்தது. சொரிமுத்து அதைப் போட்டுக்கொண்டு எண்ணெய் தடவி, அண்ணன் வகிடு எடுக்கிற பக்கம் வகிடு எடுத்து, முக்காலியில் உட்கார்ந்தார். விளக்குகளைப் போட்டார்கள். பேராச்சி வாசல் திரையோரம் நின்று பார்த்தாள். ஒரு நொடி அவள் கை திரையை இறுகப் பிடித்தது.

போட்டோக்காரர் கறுப்புத் துணிக்குள் குனிந்தார். குனிந்தவர் உடனே நிமிர்ந்தார்.

"ஏன் ஸார் வாயைக் கோணிக்கிறேள்? சாதாரணமா இருங்கோ."

சொரிமுத்து வாயை நேராக்கினார். காமிராவின் கண்ணாடி அவரைப் பார்த்தது. இரண்டு வருஷமாகக் கண்ணாடிக்கு எதிரில் உட்கார்ந்ததும் அந்த முகம் ஒரே வேலையைத்தான் செய்து பழகியிருந்தது. புருவம் தானாக நெரிந்தது. இடது வாயோரம் கன்னத்தின் பாதிக்கு ஏறியது.

"மறுபடியும் பாருங்கோ. இது என்ன, நாடகமா?"

"தெரியுது. என்னால இறக்க முடியல" என்றார் சொரிமுத்து. குரல் கெஞ்சுவதுபோல் இருந்தது. கையால் வாயை அழுந்தத் துடைத்துவிட்டு நிமிர்ந்தார். ஏறியது. கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்து, சொன்னதும் திறந்து பார்த்தார். ஏறியது. இரண்டு பிளேட் வீணானதும் போட்டோக்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

பேராச்சி திரையை விட்டு உள்ளே வந்தாள். விளக்கு வெளிச்சத்தில் அவள் முகம் வெளுத்துத் தெரிந்தது.

"அவுகளுக்கு இம்புட்டு ஏறாது."

"எம்புட்டு மதினி? சொல்லுங்க, வைக்கேன்."

அவள் யோசித்தாள். கண்ணை மூடிப் பார்த்துவிட்டு உடனே திறந்தாள். பிறகு, பதினான்கு வருஷத்தில் ஒருமுறைகூடக் கொழுந்தனைத் தொட்டிராத அவள், உப்பில் வெடித்த ஆள்காட்டி விரலை நீட்டி அவர் வாயோரத்தில் வைத்துக் கீழே அழுத்தினாள். விரல் ஓரிடத்தில் வந்து நின்றது.

"இந்தா. இங்ஙன."

விரலை எடுத்தாள். வாய் மேலே போனது. மறுபடி வைத்து அழுத்தினாள். விரல் தடுமாறாமல் அதே இடத்துக்கு வந்தது. சொரிமுத்துவின் கண்களில் நீர் கோத்து நின்றது. அவர் அசையவில்லை.

"அம்மா, கையை எடுங்கோ. விரல் படத்துல விழுந்துடும்" என்றார் போட்டோக்காரர், துணிக்குள்ளிருந்து.

பேராச்சி தலையையும் உடம்பையும் படத்துக்கு வெளியே சாய்த்துக்கொண்டாள். விரலை மட்டும் எடுக்கவில்லை.